குந்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினோம்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கென்று புது வாட்டு திறக்கப் போகிறார்களாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். பிசியோதெரபி பிரிவில் எனக்குப் பிறகு வந்த பிள்ளைகள் போன் எடுத்து, "மிஸ், முப்பது வருசம் வேல செஞ்சிருக்கீங்க. ஏதாச்சும் எழுதிக் குடுங்க. சந்தோசமான விசயமா இருந்தா நல்லது" என்றார்கள். கூடவே, இப்போது நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள்.

பிரசுரம் மூன்று மொழியிலும் அழகாகத்தான் இருக்கிறது. 'மூட்டு மாற்றுக்குப் பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை' என்று தலைப்பு. அதன் கீழே ஒரு படம். வெள்ளைக்கார வயோதிபர் ஒருவர் உயரமான கொமட்டில் உட்கார்ந்து, பக்கத்துச் சுவரில் பூட்டிய வெள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். தரையில் கம்பளம். ஜன்னலில் பூச்சாடி. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். இந்தக் குளியலறை எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்க வேண்டும் போலிருந்தது. போனில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

எனக்குச் சந்தோஷமான விஷயம் எழுத வரவில்லை. என் கையால் நானே எழுதிய ஒரு வரியைப் பற்றித்தான் எழுத முடிகிறது. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

நான் டயகம பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார், அம்மா கொழுந்தெடுத்தாள். பாதர் ஒருவர் பிடிவாதமாக நின்று படிக்க வைத்தார். கொழும்பில் பயிற்சி. வகுப்பில் தோட்டத்துப் பிள்ளை நான் ஒருத்திதான். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்பின் பெயர்களையும் தசைகளின் பெயர்களையும் இங்கிலீசில் மனனம் செய்தேன், சிங்களத்தில் அழுதேன், பாஸ் பண்ணினேன். பிறகு மலைநாட்டுக்கே வேலை கேட்டு வந்தேன்.

எங்கள் எலும்பு வைத்திய நிபுணர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயரை விட்டுவிடுகிறேன், பெரிய டொக்டர் என்றே எழுதுகிறேன். அவர் வாட்டுக்குள் வரும்போது இரண்டு கையும் பின்னால் கட்டியிருக்கும். நோயாளியின் முகத்தை முதலில் பார்க்க மாட்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்று பாதங்களைப் பார்ப்பார். ஒரு கால் மற்றக் காலைவிடக் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் எக்ஸ்ரே வருவதற்கு முன்பே, "தொடை எலும்பின்ர கழுத்து முறிஞ்சிருக்கு" என்பார். ஒருநாளும் அது பிழையானதில்லை. சத்தமாகப் பேச மாட்டார். அவர் குரல் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு நாங்கள் பயப்பட வேண்டும். தையல் பிரித்த இடத்தில் ஒரு நூல் மிஞ்சியிருந்தால் அதை விரலால் எடுத்து, தாதியின் முன்னால் நீட்டிப் பிடிப்பார். வேலையில் அவ்வளவு சுத்தம். அவரிடம் நான் கற்றது நிறைய. அதையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருடம் முந்திய ஒரு மழைக்காலம். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அஞ்சலை என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வயது அறுபத்திரண்டு. பென்சன் எடுத்த பிறகும் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். லயத்துக்குக் கீழே உள்ள படியில் தண்ணீர்க் கானோடு ஏறும்போது வழுக்கி விழுந்திருக்கிறாள். விழுந்தது திங்கட்கிழமை. எங்களிடம் வந்தது வெள்ளிக்கிழமை. நடுவில் நான்கு நாளும் தோட்டத்து டிஸ்பென்சரியில், "சதை பிடிச்சிருக்கு, தைலம் போட்டுத் தேயுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முறிந்த எலும்பின் மேலே அவள் புருஷன் முத்தையா நான்கு நாள் தைலம் போட்டுத் தேய்த்திருக்கிறார். ஐந்தாம் நாள் அவர் கம்பளியில் அவளைக் கிடத்தி, நாலு பேரைப் பிடித்து ரோட்டுக்குத் தூக்கிவந்து, கொழுந்து லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

வாட்டு வாசலில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நான் தேச்சதுனாலதான் முறிஞ்சிருச்சுங்களா மிஸ்?"

"இல்ல அண்ணே. விழுந்தப்பவே முறிஞ்சது."

"அவ கத்துனா. நான்தான் பொறுத்துக்கன்னு சொல்லித் தேச்சேன்" என்றார். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இருந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

அவளுக்கு வைக்க வேண்டிய செயற்கை மூட்டு அவள் அளவில் கையிருப்பில் இல்லை. கண்டியிலிருந்து வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, மல்லாந்தபடியே கிடந்தாள். முனகவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோனால், "அவரு சாப்பிட்டாராங்க?" என்று மட்டும் கேட்பாள். ஒப்பரேஷன் நன்றாக நடந்தது. பெரிய டொக்டரின் கை அப்படி.

ஒப்பரேஷன் முடிந்த இரண்டாம் நாள் காலை அவளை எழுப்பி நிறுத்தினேன். இதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் நாங்கள் எவ்வளவு கவனமாக இருந்தோம் என்பது பின்னால் வரும் விஷயத்துக்கு முக்கியம்.

முதலில் கட்டிலை உயர்த்த வேண்டும். முழங்காலைவிட இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு காலுக்கும் நடுவில் கட்டியிருக்கும் தலையணையை எடுக்காமலே, நல்ல கால் பக்கமாக அல்ல, ஒப்பரேஷன் செய்த கால் பக்கமாக ஆளை மெல்ல நகர்த்திக் கட்டிலின் விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் அந்தக் கால் உடலின் நடுக்கோட்டைத் தாண்டாது. உட்கார வைத்து இரண்டு நிமிஷம். பிரஷர் பார்க்க வேண்டும். இடுப்பில் பட்டி. முன்னால் நாலுகால் தாங்கி. காலைச் சற்று முன்னே நீட்டி வைத்து, கையை ஊன்றி, முதுகை முன்னுக்கு வளைக்காமல் எழும்ப வேண்டும்.

"கீழ பாக்காதீங்க அக்கா. செவுத்தப் பாருங்க."

"கீழ பாக்காம எப்புடி மிஸ் நடக்குறது? மலையில கீழ பாத்துத்தானே பழக்கம்."

"இங்க மலை இல்ல. தர மட்டமா இருக்கு. தாங்கிய முன்னுக்கு வைங்க. இப்ப முறிஞ்ச கால். இப்ப நல்ல கால்."

முதல் நாள் நாலு அடி. மறுநாள் ஜன்னல்வரை. நான்காம் நாள் வாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்வந்தாள். நாற்பது வருடம் கூடை சுமந்து ஏறி இறங்கிய கால்கள், சொன்னதைச் சொன்னபடி செய்தன. பக்கத்துக் கட்டில்காரிகள் கைதட்டினார்கள். ஐந்தாம் நாள் மூன்று படி ஏறி இறங்கப் பழக்கினேன். எங்கள் பயிற்சி அறையில் மரத்தில் செய்த படி, இரண்டு பக்கமும் கைபிடி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மற்றக் கால் முதலில்.

பிறகு விதிகள். இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேலே மடிக்கக் கூடாது. காலுக்கு மேல் கால் போடக் கூடாது. பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், மூன்று மாதத்துக்குக் குந்தவே கூடாது. குந்தினால் மூட்டுக் கழன்றுவிடும். திருப்பிச் சொல்லச் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நான்கையும் விரல் விட்டுச் சொன்னாள். "குந்தவே மாட்டேங்க மிஸ். சத்தியமா" என்றாள்.

நான் கையெழுத்துப் போட்டேன். 'வீடு செல்லத் தகுதி' என்ற கட்டத்தில் சரி போட்டேன். பெரிய டொக்டர் வந்து பாதங்களைப் பார்த்து, இரண்டும் ஒரே அளவில் நேராக இருப்பதைக் கண்டு, "நல்லம்" என்றார். அந்த ஒரு சொல் அவரிடமிருந்து வந்தால் எங்களுக்கு அந்த வாரம் முழுக்கப் போதும்.

வீட்டுக்குப் போன பத்தொன்பதாம் நாள் அஞ்சலை திரும்பி வந்தாள். வாட்டின் வாசலில் தள்ளுவண்டியில் அவளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கால் மறுபடி கட்டை. ஆனால் இந்த முறை பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. மூட்டுப் பின்பக்கமாகக் கழன்றிருந்தது. வலியில் வாய் கோணியிருந்தது. என்னைக் கண்டதும் அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெரிய டொக்டர் கால்மாட்டில் நின்றார். குரல் மிகத் தாழ்ந்து வந்தது.

"குந்தியிருக்கிறா. சொல்லிக் குடுத்தனீரோ?"

"சொன்னேன் சேர். திருப்பிச் சொல்லவும் வச்சேன்."

"அப்ப எழுதும். பேஷன்ட் ஒத்துழைக்கேல்லை எண்டு."

நான் எழுதினேன். இங்கிலீசில் மூன்று சொல். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். அன்றைக்கும் அழகாகவே எழுதினேன். எழுதும்போது எனக்கு அவள்மேல் கோபம். அவ்வளவு சொல்லியும் கேட்காமல் எங்கள் வேலையைக் கெடுத்துவிட்டாளே என்ற கோபம். இதை நான் மறைக்கப் போவதில்லை.

மயக்கம் கொடுத்து, தொடையை மடித்து மேல்நோக்கி இழுத்து, கழன்ற மூட்டை உள்ளே போட்டார்கள். வெட்ட வேண்டி வரவில்லை. மறுநாள் காலை நான் அவள் கட்டிலுக்குப் போனேன். விசாரிக்கப் போகவில்லை, ஏசத்தான் போனேன்.

"ஏங்க்கா இப்புடிச் செஞ்சீங்க? குந்தக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேங்க மிஸ். தலகாணி வச்சுத்தான் படுத்தேன். கால்மேல கால் போடல. குந்தக் கூடாதுன்னீங்க. கக்கூசுக்குப் போனா குந்தணுமே. அதனால சாப்பாட்டக் கொறச்சேன். அப்பறம் சோறே திங்கல. தேத்தண்ணியக்கூட நிப்பாட்டிட்டேன். ஒண்ணுக்குப் போறதுக்கு டப்பா வச்சாரு அவரு. மத்ததுக்கு எங்க போறது? அந்த ஒத்தக் காம்பராவுலதானே சோறாக்குறோம். மருமகப்புள்ளையும் பேரனும் அதுலதானே படுக்குறாங்க."

"எத்தன நாள் திங்காம இருந்தீங்க?"

"வெறும் கஞ்சித் தண்ணியில பத்துப் பன்னண்டு நாள் ஓட்டினேன். வயிறு கல்லு மாதிரி ஆயிருச்சு. அன்னைக்கித் தாங்க முடியல. அவரு புடிச்சுக்கிட்டுப் படி எறக்குனாரு. உள்ள ரெண்டு பேரு நிக்க எடமில்ல. நான் மட்டும் போனேன். நின்னுக்கிட்டே பாத்தேன் மிஸ். முடியல." பிறகு மெதுவாக, "உங்களுக்குத்தான் கெட்ட பேராகிருச்சு. மன்னிச்சுக்கங்க" என்றாள்.

நான் அந்தக் கட்டிலின் ஓரத்தில் நின்றேன். மலத்தை அடக்குவதற்காகப் பட்டினி கிடந்தவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அவளுடைய கோப்பில் நான் 'ஒத்துழைக்கவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்குத் தெரியாததா? நான் லயத்தில் பிறந்தவள். மழையில் படி இறங்கி, வரிசையில் நின்று, கதவு சரியாகச் சாத்தாத கக்கூசில் குந்தி வளர்ந்தவள். நுவரெலியாவில் வாடகை வீட்டில் கொமட்டில் உட்கார்ந்து பழகிய இருபது வருடத்தில் அதை ஒரு நோயாளியிடம் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. கொழும்பில் பிறந்த ஒருவர் கேட்காமல் விட்டிருந்தால் அறியாமை என்று சொல்லலாம். நான் கேட்காததற்கு என்ன பெயர் வைப்பது?

கோப்பை எடுத்துக்கொண்டு பெரிய டொக்டரின் அறைக்குப் போனேன்.

"சேர், இந்த வரிய வெட்டணும்."

"மெடிக்கல் ரெக்கோர்ட்டில வெட்டேலாது. உமக்குத் தெரியும்."

"அது பொய் சேர்."

முப்பது வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அஞ்சலை சொன்னதை அப்படியே சொன்னேன். "ஒரு கிழமைக்கு டிஸ்சார்ஜ் பண்ண வேண்டாம். அதுக்கு மேல கட்டில் தரேலாது" என்று ஏழு நாள் தந்தார்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, தையல்காரரின் அளவு நாடா ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, முத்தையாவோடு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். காம்பரா வாசலிலிருந்து கக்கூசுக்கு நாற்பத்து மூன்று படி. கருங்கல்லை மண்ணில் பதித்த படிகள், ஒன்று இருக்கும் உயரத்தில் மற்றது இல்லை. கைபிடி கிடையாது. கக்கூசின் கதவு அகலம் இருபது அங்குலம். நான் கொடுத்தனுப்பிய தாங்கியின் அகலம் இருபத்தைந்து. அது வாசலிலேயே நின்றிருக்கும். ஆறு குடும்பத்துக்கு ஒரு கக்கூசு. எங்கள் பயிற்சி அறையின் மூன்று மரப்படிகளை நினைத்தேன். என் கன்னத்தில் யாராவது அறைந்தால் தேவலை போல இருந்தது.

தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் ஒபிசுக்குப் போனேன். மரியாதையாக உட்காரச் சொன்னார், தேத்தண்ணி கொடுத்தார். லயத்துக்குப் பக்கத்தில் மட்டமான நிலம் பத்தடி இருக்கிறது, அங்கே ஒரு கக்கூசு கட்ட வேண்டும் என்றேன். "ஏக்க அபே வெட நெமெய், மிஸ்" என்று சிரித்தார். அது எங்கள் வேலை இல்லையாம். வீடு, கக்கூசு எல்லாம் வேறொரு நிறுவனத்தின் பொறுப்பாம். அங்கே போன் பண்ணினேன். நிலம் தோட்டத்துடையது, தோட்டம் எழுத்தில் அனுமதி தந்தால் பட்டியலில் சேர்க்கலாம் என்றார்கள். துரையிடம் எழுத்தில் அனுமதி கேட்டேன். அந்த நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தால் தருகிறேன் என்றார். இரண்டு பக்கமும் பொறுமையாகத்தான் பேசினார்கள். ஒருவருக்கும் குரல் உயரவில்லை. எனக்கு மட்டும்தான் உயர்ந்தது.

"அப்ப அந்தப் பொம்பள எங்க போறது?" என்று கேட்டேன்.

"அத ஆஸ்பத்திரிதானே சொல்லணும்" என்றார் துரை, தமிழில்.

உண்மைதான். அதனால்தான் அந்தப் பதில் எனக்கு அவ்வளவு சுட்டது.

லயத்துக்குத் திரும்பிவந்து, அஞ்சலை பட்டினி கிடந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அழுதுகொண்டு சொன்னேனா, கத்திச் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. பக்கத்துக் காம்பராவில் தங்கராசு என்று ஒருவர், கொழும்பில் மேசன் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். அவர் என் கையிலிருந்த நாடாவை வாங்கி, லயத்தின் கோடியில் தரையை அளந்தார்.

"இங்கேருந்து பைப்பு போட்டா அந்தப் பழைய குழிக்கே எறக்கிரலாம் மிஸ். ரெண்டு நாள் வேல."

"தோட்டத்துல கேக்காம கட்டினா ஒடைப்பாங்களே" என்றார் முத்தையா.

"ஒடைக்கட்டும். அந்தக்கா சோறு திங்காம கெடந்தது நம்ம யாருக்கும் தெரியலையே. நமக்கும் வெக்கம் வேணுமில்ல" என்றார் தங்கராசு.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலைத் திருத்தும் இடத்தில் பழைய கொமட்டுகளைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றை அவர் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பெண்கள் கொழுந்து முடிந்து வரும்போது ஆளுக்கொரு கருங்கல் கூடையில் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். தோட்டத்திலிருந்து முறைப்பாடு வந்திருந்தது. ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் வந்து, தொழிலாளர்களைத் தூண்டிவிட்டு, சட்டவிரோதமாகக் கட்டடம் கட்ட வைக்கிறார் என்று. அறையில் பெரிய டொக்டரும் இருந்தார். பணிப்பாளர் சிங்களத்தில் கேட்டார்: "யாருடைய உத்தரவில் அங்கே போனீர்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய டொக்டர், "அனுப்பியது நான்" என்றார்.

அவர் என்னை அனுப்பவில்லை. நான் போனதே அவருக்குத் தெரியாது. பணிப்பாளர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் எனக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு இடமாற்றம் வந்தது, 'சேவைத் தேவை கருதி' என்று. நான்கு வருடம் கழித்துத்தான் திரும்பி வர முடிந்தது.

வெளியே வராந்தாவில் பெரிய டொக்டர் நின்றார். கை பின்னால் கட்டியிருந்தது.

"ஸ்டெல்லா, எத்தினை படி?"

"நாப்பத்தி மூணு சேர்."

"இருவது வருசத்துக்கு மேல மூட்டு மாத்திறன். ஒருத்தரிட்டயும் இதை நான் கேட்டதில்லை" என்றார்.

எத்தனை பேர் அப்படிப் போயிருப்பார்கள் என்று நாங்கள் இருவரும் அந்த நேரத்தில் நினைத்திருப்போம். திரும்பி வந்தவர்களை எங்களுக்குத் தெரியும். திரும்பி வராதவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று நம்பியிருந்தோம். வர வழியில்லாமல் காம்பராவிலேயே கிடந்தவர்கள் எத்தனை பேர்?

கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். நான் எழுதிய வரியை வெட்டவில்லை. அதற்குக் கீழே தன் கையால் எழுதினார், நோயாளியின் வீட்டு நிலையை ஆஸ்பத்திரி விசாரிக்கவில்லை என்று. கையெழுத்துப் போட்டார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் என் கோபம் அதோடு அடங்கிவிட்டது என்று எழுதினால் அது இரண்டாவது பொய். ஒரு கோப்பில் ஒரு வரி சேர்ந்தது. வீட்டுக்குப் போகும் படிவத்தில் கக்கூசைப் பற்றி ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லி நான்கு தடவை மேலிடத்துக்கு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இப்போது பூச்சாடி வைத்த குளியலறைப் படம் வந்திருக்கிறது.

ஏழாம் நாள் அஞ்சலையை வீட்டுக்கு அனுப்பினோம். நானும் அம்புலன்சில் ஏறிக்கொண்டேன். ரோட்டிலிருந்து லயத்துக்கு நாற்காலியில் தூக்கிப் போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. லயத்தின் கோடியில் கருங்கல் சுவரும் தகரக் கூரையுமாகப் புதுக் கக்கூசு நின்றது. பூச்சு இன்னும் காயவில்லை. கதவு முப்பத்திரண்டு அங்குலம். உள்ளே இரண்டு பக்கமும் தண்ணீர்க் குழாயை வளைத்துக் கைபிடி பூட்டியிருந்தார் தங்கராசு. அதன் முன்னால் குடையோடு தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் நின்றார். தோட்டத்து நிலத்தில் கட்டியதை இரண்டு நாளில் அகற்ற வேண்டும் என்ற கடிதம் அவர் கையில். வேலை விட்டு வந்த பெண்கள் கூடையை இறக்காமல் அவரைச் சுற்றி நின்றார்கள்.

அஞ்சலை, "என்னைய எறக்குங்க" என்றாள்.

நான் இடுப்புப் பட்டியைப் பிடிக்கப் போனேன். "விடுங்க மிஸ்" என்றாள். தாங்கியை ஊன்றினாள். முதுகை வளைக்கவில்லை. தாங்கி, ஒப்பரேஷன் செய்த கால், நல்ல கால். தரையைத்தான் பார்த்து நடந்தாள், அதை மட்டும் கடைசிவரை என்னால் மாற்ற முடியவில்லை. உத்தியோகத்தருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு கடிதத்தை நீட்டினார்.

"ரெண்டு கையும் இதுல இருக்குங்க. எப்புடி வாங்குறது? கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.

அவர் தள்ளி நின்றார். அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நாங்கள் இருபது முப்பது பேர் மழையில் நின்றோம். முத்தையா கதவின் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, "புள்ள, கைபுடிய புடிச்சியா? ஒக்காந்துட்டியா?" என்று கேட்டார். நானும் பயந்து, "அக்கா, சரியா இருக்கீங்களா?" என்று கூப்பிட்டேன்.

உள்ளேயிருந்து அஞ்சலை போட்ட சத்தத்தில் உத்தியோகத்தர் குடையோடு இரண்டு அடி பின்னால் போனார்.

"என்னா வேடிக்கையா இங்க? எல்லாரும் வீட்டுக்குப் போங்க! மனுசி நிம்மதியா இருக்க வேணாமா?"